ஆறு ஏக்கர் புல்லும் ஒரு பச்சைக் கட்டமும்

பெல்கோம் மாளிகையின் வரலாறு என்று ஒரு புத்தகத்தை வாசலில் வைத்து விற்கிறார்கள். கம்பளி வியாபாரத்தில் கொழுத்த முதல் வென்னிங் எந்த ஆண்டு அஸ்திவாரம் போட்டார், அவருடைய பேரன் எத்தனை பூப்பாத்தி கட்டித் தோட்டம் அமைத்தார், அந்தப் பேரனின் பேரன் புது மோஸ்தர் என்று சொல்லி அத்தனையையும் மூடிப் புல் விதைத்தது எப்போது, எல்லாம் அதில் உண்டு. அந்தப் புல்லை ஐம்பது வருஷம் வெட்டின ஆம்ப்ரோஸ் டக்கெட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பதினாலு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் முணுமுணுக்காமல் படியுங்கள்.

என் பெயர் டில்லி ஸ்ட்ரோவர். பதினைந்து வயதில் இந்த மாளிகையின் சமையற்கட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தேன். இப்போது குதிரை லாயத்தில் நடக்கிற தேநீர்க்கடை என் பொறுப்பு. வென்னிங் குடும்பம் வரி கட்டிக் கட்டி ஓய்ந்துபோய் மாளிகையை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, சாமானோடு சாமானாக எங்களையும் ஒப்படைத்துவிட்டது. ஆம்ப்ரோஸ் என்னைவிட மூன்று வயது மூத்தவன். இருந்தாலும் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். மரியாதை கொடுத்து எழுதினால் யாரோ வேற்று ஆளைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது புல்வெட்டும் பொறியைக் குதிரை இழுத்தது. குளம்பு பட்டுப் புல் கெட்டுவிடக் கூடாது என்று குதிரையின் நாலு காலுக்கும் தோல் பூட்ஸ் மாட்டுவார்கள். ஆம்ப்ரோஸின் முதல் வேலை அந்தப் பூட்ஸுக்கு எண்ணெய் போடுவது. "குதிரைக்கு நாலு பூட்ஸ் இருக்கு, ஆம்ப்ரோஸ் பூட்ஸுல நாலு ஓட்டை இருக்கு" என்று வேலைக்காரர் சாப்பாட்டு அறையில் கேலி பேசுவோம். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். அவனுக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதுப் பக்கம் நின்று பேசினாலும் பாதி நேரம் பதில் வராது. சரியான கல்லுளிமங்கன். ஆனால் ஆறு ஏக்கர் புல்லையும் பட்டை பட்டையாக, ஒரு பட்டை வெளிர், ஒரு பட்டை அடர்த்தி என்று வெட்டி முடிப்பான் பாருங்கள், மாடி ஜன்னலில் நின்று பார்த்தால் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கும்.

அவன் கட்டிக்கொண்டது சலவைக்கூடத்தில் இருந்த லெட்டியை. அவன் பேசாததை எல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இப்போது என் கடையில் கேக்கும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் சுடுகிறவள் அவள்தான். எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது. அந்தக் குறை தெரியாமல் வைத்திருந்தவள் லெட்டி.

போரின்போது இந்த மாளிகை பிரசவ ஆஸ்பத்திரியாக மாறியது. குண்டுக்குப் பயந்து பிரிஸ்டல் நகரத்திலிருந்து வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இன்றைக்குக் கயிறு கட்டி, "நாற்காலியில் உட்காராதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்களே மஞ்சள் கூடம், அதில் பதினாலு கட்டில் போட்டிருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் லெட்டியும் அங்கேதான் படுத்தாள். ஆம்ப்ரோஸைக் காது காரணமாகப் படையில் எடுக்கவில்லை. அவன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நான் கீழே சமையற்கட்டில் இருந்தேன். குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லை.

லெட்டிக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். அவள் கண் விழித்தபோது தொட்டில் இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. தலைமை நர்ஸ் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டாள். "அவ குழந்தையைப் பார்க்கல. பார்க்காததை மறக்கறது சுலபம். ஒருத்தரும் இதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது." அந்தக் காலத்தில் அதுதான் நல்லது என்று எல்லாரும் நம்பினோம். நான் சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "மழை வரும் போல இருக்கு, லெட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்கு அப்போதெல்லாம் தனிக் குழி கிடையாது. சவப்பெட்டிக்காரர் வாங்கிக்கொண்டு போய், அந்தச் சமயம் ஊரில் யார் செத்தார்களோ அவர்கள் பெட்டியில் காலடியில் வைத்து அனுப்பிவிடுவார். ஏற்பாடு பண்ணியாகிவிட்டது என்று மட்டும் லெட்டிக்குச் சொன்னார்கள். அந்த மாதம் ஊரில் நாலு பேர் செத்திருந்தார்கள். எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அந்த நாலு கல்லறைக்கும் பூ வைப்பாள். ஆலைக்காரக் கிட்லி என்று ஒரு கிழவன், பெண்களைப் பின்னால் கிள்ளுவதே தொழிலாக இருந்தவன், அவனுக்கும் முப்பத்துநாலு வருஷம் பூ விழுந்தது. ஊர் அவளை இளகிய மனசுக்காரி என்றது. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

இனி எழுபத்தாறாம் வருஷத்துக்கு வருகிறேன். அந்தக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாதத்திலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை. தெருக்குழாயில் வாளி வைத்து வரிசையில் நின்றோம். குழாய் மாட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் அபராதம். புள்ளி போட்ட சிவப்பு வண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து கடித்தன. ஆம்ப்ரோஸின் புல் ஜூலைக்குள் காய்ந்து பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது. அவனுடைய பொறி கொட்டகையில் தூங்கியது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் காலையில் மேல்மாடியில் குடியிருக்கும் மிஸ் வென்னிங், குடும்பத்தில் மிஞ்சிய கடைசி ஆள், எண்பத்திரண்டு வயது, ஜன்னலைத் திறந்து கைத்தடியால் சட்டத்தைத் தட்டிக் கூப்பிட்டார். "டக்கெட்! ஸ்ட்ரோவர்! மேல வாங்க! எங்க தாத்தாவோட தாத்தா மூடின தோட்டம் எழுந்து வந்திருக்கு!" போய்ப் பார்த்தால் உண்மைதான். அடியில் பழைய கல்பாதை இருக்கிற இடத்திலெல்லாம் புல் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. பாத்தி இருந்த இடம் ஆழமான மண்ணானதால் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. வட்டம், சதுரம், நடுவில் நீரூற்றுத் தொட்டி என்று இருநூறு வருஷத்துக்கு முன் புதைத்த தோட்டம் முழுசாக, கோலம் போட்ட மாதிரி கிடந்தது. எனக்கே மயிர் கூச்செறிந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஸ்டான்டிஷ் வந்தார். ஒல்லியான, வெயிலில் தோல் உரிந்த மனுஷன். மர முளையும் நூலும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புல்லில் தவழ்ந்தார். நாலாம் நாள் என் கடைக்கு வந்து தேநீருக்குச் சர்க்கரை போட மறந்து குடித்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் கச்சிதமாப் பொருந்துது, மிஸஸ் ஸ்ட்ரோவர். ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. தெற்கு ஓரத்துல ஒரு சின்னப் பச்சைக் கட்டம். ரெண்டடி நீளம்கூட இல்ல. மத்த எல்லாத்தையும்விட பச்சை. அது எந்த அமைப்புலயும் சேரல. சிலையோட பீடமா இருக்கலாம். வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு அங்க தோண்டிப் பார்க்கப் போறோம்."

ஆம்ப்ரோஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த ஸ்கோனைத் தட்டில் வைத்தான். "அது நாய்," என்றான்.

"என்ன சொன்னீங்க, மிஸ்டர் டக்கெட்?"

"நான் புதைச்ச நாய். தோண்டாதீங்க."

வயசானாலும் தேநீருக்குத் தினமும் இறங்கி வருகிற மிஸ் வென்னிங் மூலையிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த நாய், டக்கெட்? எங்க நாய் பதினெட்டும் வேலிக்குப் பின்னால பளிங்குக் கல்லுக்குக் கீழே கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெட்டியிருக்கு. புல்வெளியில நாயைப் புதைக்க எங்க அப்பா விட்டிருப்பாரா?"

லெட்டி மாவுக் கையோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நாயா? நமக்கு ஏது நாய்? இந்த மனுஷனுக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு." எல்லாரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு மாலை அவன் கடைப் பின்வாசலுக்கு வந்து பாத்திரம் கழுவின தண்ணீரை எனக்குத் தா என்று கேட்டான். அந்த வருஷம் எல்லாரும் கழுவின தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றினோம். ரோஜாவுக்கு என்றான். சரி என்று இரண்டு வாளி கொடுத்தேன். மறுநாளும் இரண்டு வாளி. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடை திறக்க வரும்போது பார்க்கிறேன், ஆள் ரோஜாப் பக்கமே இல்லை. புல்வெளியில் முட்டி போட்டு, அந்தப் பச்சைக் கட்டத்தைச் சுற்றிக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய் ஆம்ப்ரோஸ்! ஊரே குடிக்கத் தண்ணிக்கு வாளி தூக்குது, நீ புல்லுக்கு ஊத்திட்டு இருக்கியா? உனக்குக் கிறுக்கு எதுவும் பிடிச்சிருக்கா?"

"சுத்தியும் பச்சை வந்துட்டா இது தெரியாது," என்றான். நிமிரவில்லை.

"ஒரு நாளில எந்தப் புல்லு பச்சையாகும்? அம்பது வருஷம் புல்லு வெட்டினவன் பேசற பேச்சா இது? அப்படி என்னதான் இருக்கு அதுல? புதையலா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். அவன் அவ்வளவு பேசி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

"தலைமை நர்ஸு ஒரு மரப்பெட்டியை என் கையில கொடுத்தா, டில்லி. மருந்து வந்த பெட்டி. சவப்பெட்டிக்காரர் கிட்ட கொண்டுபோய்க் கொடுன்னா. பாதி வழி போனேன். யாரோ ஒருத்தன் காலடியில என் புள்ளையை வைக்கறதான்னு இருந்துச்சு. திரும்பிட்டேன். அப்ப போர்க்காலம், இங்க புல்லை மாட்டுத் தீவனத்துக்கு வளர விட்டிருந்தாங்க, யாரும் வரமாட்டாங்க. தோண்டினேன். நாலடி."

"லெட்டிக்கு?"

"சொல்லல. அனுமதிச் சீட்டு இல்லாமப் புதைச்சா ஜெயிலுன்னு பயம். அவளுக்கு அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னு வேற உத்தரவு. அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அடுத்த வருஷம். அப்புறம், இவ்வளவு நாள் ஏன் சொல்லலன்னு கேட்பாளேன்னு..."

நான் அந்தப் பச்சையைப் பார்த்தேன். "ஏன் இது மட்டும் இவ்வளவு பச்சையா இருக்கு?"

"அடியில வெறும் களிமண்ணுதான். சில்லுன்னு, கல்லு மாதிரி. அதுல வைக்க மனசு வரல. மரத்தடியில மக்கின இலை, மூணு வண்டி தள்ளிட்டு வந்து போட்டேன். நல்ல மண்ணு."

வேறு எவனாக இருந்தாலும் தோண்டின களிமண்ணையே திருப்பித் தள்ளி மிதித்துவிட்டுப் போயிருப்பான். ஒரு சுவடு தெரிந்திருக்காது. ஆனால் தோட்டக்காரனுக்கு மண் நல்லதாக இருக்க வேண்டும். நாற்றங்காலுக்குப் போடுகிற மண்ணைப் போட்டு மகளைப் படுக்க வைத்தான். அந்த மண்தான் முப்பத்துநாலு வருஷம் கழித்து அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கக் கத்தினேன்.

"இதை என்கிட்ட எதுக்குடா சொல்ற? லெட்டிகிட்ட போய்ச் சொல்லு! நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ஒல்லி மனுஷன் கொத்துக்கரண்டியோட வரப்போறான். தன் புள்ளை எங்க இருக்குன்னு அவ யாரோ ஊரான் வாயால தெரிஞ்சுக்கணுமா?"

"முடியாது, டில்லி."

"முடியும். இன்னைக்குச் சாயங்காலம். நானும் கூட இருக்கேன். நானும் வாயை மூடிட்டு இருந்தவதானே."

மாலை ஐந்து மணிக்குக் கடைசி பஸ்ஸும் போனது. லெட்டி மறுநாளுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான். நான் தொட்டியில் கோப்பைகளைக் கழுவுவது போல முதுகைக் காட்டி நின்றேன்.

"லெட்டி, உட்காரு."

"கையெல்லாம் மாவு."

"உட்காரு, லெட்டி. அந்தப் பச்சைக் கட்டம் நாய் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணும், உனக்கு அது கிடையாது. என்ன ஒளிச்சு வச்சிருக்க? சாராயப் புட்டியா?"

"அது நம்ம குழந்தை."

என் கையில் இருந்த கோப்பையை நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் ஒரு தட்டு ஸ்கோன் இருந்தது. அது தீயும் வாசனை வந்தது. யாரும் எடுக்கவில்லை. பெட்டி, பாதி வழி, நாலடி, இலைமக்கு என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான். கடைசியில் அவள் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"ஆணா, பொண்ணா?"

ஆம்ப்ரோஸ் அவளையே பார்த்தான். "உனக்கு... யாரும் சொல்லலையா?"

"யாரு சொன்னா? யாரைக் கேட்டாலும் மழை வரும் போல இருக்குன்னாங்க."

என் முதுகு கூசியது. ஆம்ப்ரோஸ் சொன்னான், "பொண்ணு, லெட்டி."

"எப்படி இருந்தா?"

"முடி இருந்துச்சு. கறுப்பா. நெத்தியில ஒட்டிட்டு. உன் தாடை. ரெண்டு கையையும் மூடி வச்சிருந்தா. என் ஞாயித்துக்கிழமைச் சட்டையைச் சுத்தி வச்சேன்."

"அந்தச் சட்டையைத்தான் ரெண்டு வருஷமாத் தேடினேன்," என்றாள் லெட்டி. சிரித்து விடுவாளோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "வாரா வாரம் நாலு கல்லறைக்கும் பூ வச்சேன். யாரு வெட்டிக் கொடுத்தது அந்தப் பூவை? நீதானே? எங்க கொண்டுபோறேன்னு தெரிஞ்சே வெட்டிக் கொடுத்தே?"

"ஆமா."

"பகல் முழுக்க அவ பக்கத்துல இருந்துட்டு வந்து, ராத்திரி என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டே?"

"ஆமா, லெட்டி."

"அப்ப உனக்கு முப்பத்துநாலு வருஷமாப் பொண்ணு இருந்திருக்கா. எனக்குத்தான் இல்ல."

அன்றைக்கு லெட்டி அவனோடு வீட்டுக்குப் போகவில்லை, என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. என் மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. அது நியாயம்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்குக் கேளு. இன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இருபது அடி தள்ளி ஆம்ப்ரோஸ் நின்றான். இரவு முழுக்கக் கொட்டகையில் இருந்திருப்பான் போல, கோட்டு முழுக்க உலர்ந்த புல். அவள் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. பத்து மணிக்கு டாக்டர் ஸ்டான்டிஷ் கொத்துக்கரண்டிகளோடும் இரண்டு மாணவர்களோடும் வந்தார். வேடிக்கை பார்க்க மிஸ் வென்னிங்கும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"மிஸஸ் டக்கெட், மன்னிக்கணும், நாற்காலியைக் கொஞ்சம்..."

"இது உங்க தோட்டத்தைச் சேர்ந்தது இல்லீங்க, டாக்டர். இங்க என் பொண்ணு இருக்கா. நாற்பத்திரண்டாம் வருஷம், ஏப்ரல் மாசம். அந்த மஞ்சள் கூடத்துல பிறந்தா. மூச்சில்லாம."

அந்த மனுஷன் குனிந்து, தான் அடித்த நாலு முளையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். படித்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அன்றைக்கு ஒருத்தரைப் பற்றி மட்டும் மாற்றிக்கொண்டேன். இதை அறக்கட்டளைக்குச் சொல்ல வேண்டியிருக்குமே என்று மாணவன் ஒருவன் மெதுவாக இழுத்தான். மிஸ் வென்னிங் தடியைத் தரையில் தட்டினார்.

"நானே சொல்றேன். என் காலம் வரைக்கும் இந்தப் புல்லு என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எங்க வீட்டு நாய் ஒவ்வொண்ணுக்கும் பளிங்குக் கல்லு வச்சோம். டக்கெட் பொண்ணுக்கு ரெண்டடி மண்ணு தர முடியாதா? பேர் என்ன, லெட்டி?"

லெட்டி திரும்பி ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. "நீ என்னன்னு கூப்பிட்டே அவளை?"

"பேர் சொல்லிக் கூப்பிடல. பேர் வைக்கறது அம்மா வேலையாச்சே. காலையில வந்து, 'வந்துட்டேன்'னு மட்டும் சொல்லுவேன்."

அவள் மிஸ் வென்னிங் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன குழந்தைன்னு தெரியாதே. அதனால ரெண்டு பேர் வச்சிருந்தேன். ஆணா இருந்தா வில்பிரட். பொண்ணா இருந்தா ஐரிஸ். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ரெண்டு பேரையும் சொல்லிட்டுத்தான் படுப்பேன். இத்தனை வருஷம் ரெண்டையும் தூக்கிட்டு அலைஞ்சேன். இன்னைக்கு வில்பிரட்டை இறக்கி வச்சுட்டேன்." பிறகு குரலை உயர்த்தி, அவன் கேட்கிற காதுக்கு எட்டும்படி சொன்னாள், "ஐரிஸ், ஆம்ப்ரோஸ். அவ பேர் ஐரிஸ்."

ஆம்ப்ரோஸ் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம். இந்த ஊரில் அதுதான் மரியாதை. ஆனால் லெட்டி மட்டும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனாள். போன பிறகும் தட்டை அவன் முன்னால் வைப்பாள், பேச மாட்டாள். லெட்டி பேசாத வீடு எப்படி இருக்கும் என்று ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு, விரும்பினால் கோயில் மண்ணுக்கு மாற்றலாம் என்றார். "வேண்டாங்க, அவ நல்ல மண்ணுல இருக்கா" என்று லெட்டி சொல்லிவிட்டாள். நாள் தவறாமல் கடை மூடினதும் அந்தப் பச்சைக் கட்டத்துக்கு நேரே போய் நிற்பாள். ஆம்ப்ரோஸ் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வர மாட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் மழை கொட்டியது. ஊரே தெருவில் நின்று நனைந்தது. நான்கூடச் சட்டியைத் தட்டிக்கொண்டு முற்றத்தில் ஆடினேன். அப்புறம் இரண்டு வாரம் மழை விடவில்லை, லெட்டியும் புல்வெளிப் பக்கம் போகவில்லை. செப்டம்பர் நடுவில் ஒருநாள் லெட்டி ரொட்டிக் கத்தியோடு என்னிடம் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "டில்லி, காணோம். எல்லாம் பச்சையாயிடுச்சு. அவ எங்கன்னு தெரியல!"

போய்ப் பார்த்தேன். பாதையில்லை, வட்டமில்லை, தொட்டியில்லை, ஆறு ஏக்கரும் ஒரே பச்சை. வென்னிங் தோட்டம் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. லெட்டி புல்லில் இங்கும் அங்கும் நடந்து, குனிந்து குனிந்து கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு முளைகூட அடித்து வைக்கத் தோன்றவில்லையே எனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். ஆம்ப்ரோஸ் கொட்டகையிலிருந்து பார்த்துவிட்டு வந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"மாளிகைப் படிக்கட்டுல மூணாவது படியில நில்லு, லெட்டி. தேவதாரு மரத்துல ஒடிஞ்ச கிளை ஒண்ணு இருக்கு பாரு. அதுவும் கோயில் கோபுரமும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வர்ற வரைக்கும் நடக்கணும். வந்ததும் வலது பக்கம் பதினோரு அடி. அது என் காலடிக்கு. உன் அடிக்குப் பதிமூணு."

அவள் அவனை முறைத்தாள். பிறகு படிக்கட்டுக்குப் போனாள். முதல் தடவை தூரமாகப் போய்விட்டாள். அவன் தலையை ஆட்டினான். இரண்டாவது தடவை எண்ணிக்கை பிசகி, "பேச்சுக் கொடுக்காதே" என்று அவனைத் திட்டினாள். அவன் வாயே திறந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை மெதுவாக நடந்து, திரும்பி, பதிமூன்று எண்ணி நின்றாள்.

"இங்கயா?"

"அங்கதான்."

அவள் காலணியைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரட்டுமா என்பது போல அவன் தயங்கி நின்றான்.

"நீ போய் அடுப்புல கெட்டிலை வை, ஆம்ப்ரோஸ்," என்றாள். குரலில் பழைய லெட்டி இருந்தாள். "நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். இனிமே எனக்கே வழி தெரியும்."

அவன் சரி என்று தலையசைத்து, மகளை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தான்.